64 ஜிபி போனும் இரண்டு குழி சிம் டிரேயும்

நான் வைத்திருக்கும் இந்த 64 ஜிபி போனின் விலை இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது, வாங்கலாமா என்று தோப்புக்காரர்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். திரை, கேமரா, வேகம் எதிலும் எனக்குக் குறை இல்லை. மே மாத வெயிலில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பக்கம் தோப்புக்குள் நின்று பார்த்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. பைக்கிலிருந்து விழுந்தும் கண்ணாடி கீறவில்லை. காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி லோடு ஏற்றி முடிக்கும்வரை தாங்குகிறது. நான் சொல்ல வந்தது சேமிப்பிடத்தையும் சிம் டிரேயையும் பற்றி மட்டும்தான்.

பெட்டியில் 64 ஜிபி என்று அச்சடித்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 15 ஜிபியை சிஸ்டமே எடுத்துக்கொள்கிறது. ஆப்களும் அவை சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளும் (கேஷ்) இன்னொரு பங்கு. மிச்சத்தில்தான் என் தொழில் நடக்க வேண்டும். நான் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவன். தை, மாசியில் பூ எடுக்கும்போது வரிசை வரிசையாக வீடியோ எடுத்து வைப்பேன். மா பெரும்பாலும் ஒரு வருடம் கொட்டிக் காய்த்தால் மறு வருடம் ஓய்ந்துவிடும். ஆகவே போன வருடப் பூவையும் இந்த வருடப் பூவையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் குத்தகைத் தொகை பேச முடியும். மாங்கூழ் ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லோடின் எடைமேடைச் சீட்டும் போட்டோவாக இருக்கிறது. சில எடைமேடைகளில் தரும் வழுவழுப்பான சீட்டை சட்டைப்பையில் வைத்தால் அடுத்த மாதமே எழுத்து வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். பணம் கைக்கு வரும்வரை அந்தப் போட்டோதான் சாட்சி. பழையதை அழித்தால் தீர்ந்தது என்று யோசனை சொல்பவர்களுக்கு இது விளங்குவதில்லை.

அழிக்கக்கூடியது எங்கே இருக்கிறது என்பதைத் தேடித்தேடித்தான் கற்றுக்கொண்டேன். முழு எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 எம்பி பிடிக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சுருக்கிய நகல் ஒன்று 'சென்ட்' என்ற ஃபோல்டரில் தனியாகத் தங்கிவிடுகிறது. கேலரியில் அது தெரியாது. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா என்று உள்ளே போனால்தான் கண்ணில் படும். அசல் வீடியோ கையில் இருக்கும்போது அந்த நகல் எனக்கு வேண்டியதில்லை. வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம் உண்மையிலேயே உதவுகிறது: 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை பகிரப்பட்டவை என்று பிரித்தே காட்டுகிறது. காலை வணக்கப் பூக்களும் கோயில் வீடியோக்களும் அங்கேதான் குவிந்து கிடக்கும். தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திய பிறகு பாரம் பாதியாகக் குறைந்தது. கேலரியில் அழித்த படமும் உடனே போய்விடுவதில்லை. 30 நாள் குப்பைத்தொட்டியில் உட்கார்ந்து அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் கணக்கு குறையும்.

கூகுள் போட்டோஸ் இருக்கிறதே என்பார்கள். சுருக்கிய தரத்தில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் இலவசம் என்ற ஏற்பாடு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது மெயில், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15-க்குள் வந்துவிட்டது.

இத்தனையையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த டிரே. மெமரி கார்டு போடலாம் என்று விளம்பரத்தில் பெரிதாகச் சொல்கிறார்கள். டிரேயை ஊசியால் குத்தி வெளியே இழுத்தால் இருப்பது இரண்டே குழி. இரண்டாவது குழியில் ஒன்று சிம் உட்காரும், இல்லையென்றால் கார்டு உட்காரும். வேப்பனப்பள்ளி தாண்டி எல்லையோரத் தோப்புகளில் என் முதல் சிம்முக்கு ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது; இரண்டாவது சிம்தான் பேசும். அதைக் கழற்றிவிட்டுக் கார்டு போட்டால் ஆட்களைக் கூப்பிட வழியில்லை. போன ஜூனில் பெங்களூரா ரக மாங்காய் லோடு போன அன்று, ஆலை வாசலில் நின்ற லாரி டிரைவர் எடைச் சீட்டை அனுப்பிவிட்டு, "பார்த்தீர்களா அண்ணா, இறக்கிவிடலாமா?" என்று கேட்கிறார். என் போனோ இடமில்லை என்று படத்தை இறக்க மறுக்கிறது. பின்னால் பத்து லாரி ஹாரன் அடிக்கிறது. அவர் எடையை வாயால் படித்துச் சொல்ல, நான் கைநாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். இன்னும் ஒரு குழி வெட்ட அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? இதை நினைக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

இதற்குள் ஒரு நல்லது, டைப்-சி முனை உள்ள பென்டிரைவ். அதை போனிலேயே செருகி, பூ வீடியோக்களை வருடவாரியாக மாற்றிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, நெட் வேண்டியதில்லை. தோப்புக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போன வருட வீடியோவை அதிலிருந்தே ஓட்டிக் காட்ட முடிகிறது. நான் வாங்கிய பொருள்களில் இவ்வளவு உதவியாக இருந்தது வேறில்லை.

பேட்டரியை இப்போதுதான் மாற்றினேன். இன்னும் சில சீசன் இந்த போனை வைத்திருக்கத்தான் போகிறேன். அப்படியிருந்தும் சொல்கிறேன், வாங்காதீர்கள், விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். 128 ஜிபி போன் பாருங்கள். கார்டு போடும் வசதி இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் டிரேயை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லி, மூன்று குழி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.