95 விழுக்காடு தானிய ஆல்கஹால்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஆரஞ்சுத் தோலின் மணத்தைப் பிரித்தெடுக்கவும், மரச்சாமான்களை மெருகிடுவதற்கான அரக்கைக் கரைக்கவும் இந்தத் தானிய ஆல்கஹாலை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய கரைப்பானுக்குத் தனக்கென்று மணமோ நிறமோ இருக்கக் கூடாது. அந்த வகையில் இது தேர்ச்சி பெறுகிறது. இரண்டு துளிகளை உள்ளங்கையில் தேய்த்து ஆவியாகவிட்டு முகர்ந்தபோது, மட்டமான வடிப்புகளில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபியூசல் எண்ணெய்களின் (நொதித்தலில் உடன் உண்டாகும் கனமான ஆல்கஹால்களின்) நாற்றம் சிறிதும் இல்லை. கண்ணாடித் தகட்டில் உலர்ந்த துளியும் கறை எதையும் விட்டுவைக்கவில்லை. 20 டிகிரி செல்சியசில் ஆல்கஹால்மானி காட்டிய அளவும் 95தான்.

ஏன் 100 இல்லை என்று குறைப்பட வேண்டியதில்லை. முளைகட்டிய தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஆல்கஹால் செறிவு குறைந்த அந்த நொதிநீரை, ஏனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிகலத்தின் வழிவந்த கோபுரங்கள் படிப்படியாகச் செறிவாக்குகின்றன. எடையளவில் ஏறத்தாழ 95.6 விழுக்காட்டை எட்டியதும், ஆவியிலும் திரவத்திலும் ஆல்கஹாலும் நீரும் ஒரே விகிதத்தில் அமைந்துவிடுவதால், வழக்கமான முறையில் அதற்குமேல் எத்தனை முறை வடித்தாலும் பயனில்லை. ஆகவே புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள ‘பன்முறை வடிக்கப்பட்டது’ என்ற பெருமிதத்தை நான் பொருட்படுத்தவில்லை.

ஆரஞ்சுத் தோலில்தான் இதன் திறமை முழுமையாக வெளிப்படுகிறது. 40 விழுக்காட்டு மதுவில் வாரக்கணக்கில் ஊறினாலும் தயங்கித் தயங்கி இறங்கும் எண்ணெய், இதில் சில நாள்களிலேயே இறங்கி, தோல் வெளுத்து மொறுமொறுப்பாகிவிடுகிறது. வடிகட்டிய சாற்றில் நீர் சேர்த்தவுடன் அது பால்போல் கலங்குவது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. கரைந்திருந்த எண்ணெய், நீர் மிகுந்ததும் நுண்துளிகளாகப் பிரிவதே காரணம். அரக்கும் இதில் ஓரிரவில் கரைந்துவிடுகிறது.

என் மனக்குறை முழுவதும் புட்டியில் ஒட்டியுள்ள விவரச்சீட்டைப் பற்றியது. ‘நீர் கலக்காமல் கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்ற வரி தவறானது. கிருமிகளின் புரதத்தைச் சிதைக்க நீரும் வேண்டும். இவ்வளவு செறிந்த ஆல்கஹால் விரைவாக ஆவியாகிவிடுவதுடன், 70 விழுக்காட்டளவுக்குத் திறம்படச் செயல்படுவதுமில்லை. இந்த ஆல்கஹாலில் 737 மில்லிலிட்டரை அளந்து, மொத்தம் 1 லிட்டராகும்வரை நீர் சேர்த்தால் 70 கிடைக்கும். கலக்கும்போது கன அளவு சற்றுச் சுருங்குவதால், நீரைத் தனியே அளந்து ஊற்றக் கூடாது. நேராகக் குடிக்கத் தகாதது என்பதும், அறை வெப்பத்திலேயே இதன் ஆவி தீப்பற்றும் என்பதும் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கின்றன.

இருந்தன என்று சொல்வதே சரி. மூடியின் உள்ளடைப்பு தளர்வாக இருந்ததால் ஊற்றும்போதெல்லாம் வழிந்த ஆல்கஹால், அச்சுமையைக் கரைத்து அந்த எச்சரிக்கைகளை முதல் மாதத்திலேயே அழித்துவிட்டது. எஞ்சியதை இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி, எச்சரிக்கைகளைப் பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறேன். பென்சில் எழுத்து ஆல்கஹாலில் கரைவதில்லை.