பொம்பளை மேஸ்திரி குழுவிடம் வீடு கட்டக் கொடுக்கலாமா?

அவசரமாகக் குடிபோக வேண்டியவர்கள் இந்தக் குழுவைக் கூப்பிடாதீர்கள். மற்றவர்கள் தாராளமாகக் கூப்பிடலாம். குழுவுக்குப் போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. ஈரோடு மாவட்டம் கோபி, நம்பியூர் பக்கம் டீக்கடையில் "பொம்பளை மேஸ்திரி" என்று கேட்டால் கை காட்டுவார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று மேஸ்திரி அக்காவே சொல்லிவிட்டார், "இருக்கற வேலையே முடியலீங்க" என்று.

கட்டியது எங்கள் சின்னம்மாவின் வீடு, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வந்தது. 2024ல் ஆரம்பித்த திட்டம். குடிசையில் இருப்பவர்கள் சொந்த இடத்தில் கட்டிக்கொள்ள 3.50 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்கு ஓடோ தீப்பிடிக்காத வேறு எதுவோ போட்டுக்கொள்ளலாம். பணம் மொத்தமாக வராது, வேலை ஏற ஏற கட்டம் கட்டமாக வரும். எங்கள் பக்கம் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே காண்ட்ராக்டர் யாரும் வாயைத் திறப்பதில்லை, 360ஐப் பெருக்கிப் பாருங்கள், ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒருத்தர் "திட்ட வீடெல்லாம் நாங்க எடுக்கறதில்லீங்க, பில்லு எப்ப வருமோ" என்று போனையே வைத்துவிட்டார். பேஸ்மட்டம் வரை எழுப்பிவிட்டு, மேலே ஏற்றக் காசில்லாமல் வட்டிக்கு அலைகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் சின்னம்மாவும் சேரக் கூடாது என்றுதான் இவர்களைத் தேடிப் போனோம்.

குழுவில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் வருடக்கணக்கில் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தவர்கள். விசைத்தறியில் வாங்கிய முன்பணத்தை அடைத்துவிட்டு வெளியே வந்தவர்கள் இருவர். வீட்டுக்காரர் போனபின் இரண்டு பிள்ளைகளோடு நின்றவர் ஒருத்தர். கட்டட வேலையில் பையன்கள் சில வருடம் கையாளாக இருந்தாலே கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறார்கள். ஒரு பெண் முப்பது வருடம் சுமந்தாலும் கடைசி வரை சித்தாள்தான், கூலியும் கொத்தனார் கூலியில் ஏறக்குறைய பாதிதான். மேஸ்திரி அக்காவும் அப்படி இருந்தவர்தான். பாலக்காட்டுப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் ஒரு மேஸ்திரி கரண்டியைக் கையில் கொடுக்க, அங்கேயே பழகிக்கொண்டு வந்திருக்கிறார். கேரளாவில் இது ஒன்றும் புதிதில்லை. 1986லேயே கொல்லத்தில் நிர்மிதி கேந்திரா என்று ஆரம்பித்து, வேலையில்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

கூலி விஷயத்தில் ஒன்று. "பொம்பள ஆளுதானே, பார்த்துச் செய்யுங்க" என்று எங்கள் மாமா பேரம் ஆரம்பித்ததும் அக்கா நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட்டார். சுவர் கட்டுகிறவருக்கு ஊரில் கொத்தனாருக்கு என்ன கூலியோ அதே கூலி, ஆணா பெண்ணா என்கிற கணக்கே கிடையாது. அதில் ஐந்து ரூபாய் குறையாது, சனிக்கிழமை சாயங்காலம் கையில் வந்தாக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. மலிவாகக் கிடைப்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடலாம்.

அப்போது செலவு எங்கே குறைகிறது என்றால், சாமானில். சுவரை எலிப்பொறிக் கட்டு என்கிற முறையில் எழுப்புகிறார்கள், குறைந்த செலவில் வீடு கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் பரப்பினாரே, அதேதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு கல்லுக்கு நடுவில் வெற்றிடம் விட்டு, குறுக்கே ஒரு கல்லால் கட்டிக்கொண்டே போவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் வழக்கமாக 100 கல் போகிற இடத்தில் 75 போதும், கலவையும் நன்றாகக் குறைகிறது. நடுவில் காற்று நிற்பதால் வெயில் சீக்கிரம் உள்ளே இறங்காது. சித்திரை மத்தியானம் சின்னம்மா வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) உட்கார்ந்துவிட்டு, பக்கத்து ஹாலோ பிளாக் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், தெரியும். அடிவரிசை, ஜன்னல் அடிமட்டம், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம், மேல்வரிசை இதெல்லாம் மட்டும் வெற்றிடம் இல்லாமல் கெட்டியாக வரும்.

இதற்கு மூலை மட்டமான சேம்பர் செங்கல்தான் ஆகும், கோணலான நாட்டுக் கல் வேலைக்கு ஆகாது. 2021ல் கோயம்புத்தூர் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுத்த பிரச்சினையில் செங்கல் சூளைகளை மூடினார்களே, அதற்குப் பிறகு நல்ல கல்லுக்கு அலைவதே ஒரு வேலையாகிவிட்டது. (மூடியது சரிதான், அந்தப் பள்ளங்களைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள்.) லோடு வந்ததும் அக்கா ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வராததை ஒதுக்கி வைத்து, லாரிக்காரரோடு சண்டை போட்டு அந்தக் கல்லுக்குப் பணம் கழித்தார். வீட்டு ஆளாகிய நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளிச்சுவருக்குப் பூச்சு இல்லை, கல் இடுக்கில் மட்டும் கலவை வைத்துத் தீட்டும் பாயின்டிங் மட்டும்தான். அதிலும் ஒரு செலவு மிச்சம். ஊர்க்காரர்கள் "பாதியில நிக்குதா" என்று இன்னும் கேட்கிறார்கள், சின்னம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கூரையிலும் பழைய மங்களூர் ஓட்டை நடுநடுவே வைத்து கான்கிரீட்டைக் குறைக்கலாம் என்று அக்கா சொன்னார். சிலாப்பின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா கனம்தான் என்று கம்பியை வளைத்துக் காட்டியே விளக்கினார். பார்க்க வந்த பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை, வரைபடத்தில் இல்லாததைச் செய்தால் பில் போட மாட்டேன் என்றுவிட்டார். சாதாரண சிலாப்பே போட்டோம். அந்த ஓடெல்லாம் சமையல்கட்டு மேலே ஏறியது.

இனி குறைகள். வேகம் கிடையாது. கரண்டி பழகிக்கொண்டிருக்கும் ஒருத்தரை எப்போதும் ஒரு சுவரில் நிறுத்துவார்கள், தூக்குக்குண்டு பிசகினால் அக்கா பிரித்து மறுபடி கட்டச் சொல்வார். பிரித்ததற்கு நம்மிடம் காசு வாங்குவதில்லை, ஆனால் நாள் போகும். பள்ளி லீவு, பிள்ளைக்குக் காய்ச்சல், நோம்பி என்றால் ஆள் பாதிதான். பொடக்காளிப் பக்கச் (பின்பக்கச்) சுவர் அப்படிப் பழகும் கை கட்டியது, பாயின்டிங் கோடு லேசாக ஏறி இறங்கியிருக்கிறது. பலத்துக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தெரிகிறது. கணக்கு நோட்டில் எழுதுவார்கள், ரசீது கேட்டால்தான் வரும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய தலைவலி வயரிங். இந்தச் சுவரில் பைப்பைக் கட்டும்போதே வெற்றிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும், பிறகு சுவரைக் காடி எடுத்தால் கல் உடைந்து பொத்தல் ஆகிவிடும். அக்கா முன்கூட்டியே சொன்னார். எங்கள் எலக்ட்ரீஷியன் "லிண்டல் மட்டம் வரட்டும், வரேன்" என்று இழுத்தடித்து, வந்ததும் "எவ கட்டுனது இது" என்று ஆரம்பித்தார். அக்கா சாரத்தில் இருந்தபடியே "நாந்தானுங்க" என்றார். கடைசியில் இரண்டு அறைக்கு வயர் வெளியில்தான் ஓடுகிறது. அட்டாலி (பரண்), மின்விசிறி ரெகுலேட்டர், டிவி வரும் இடத்தையும் முன்பே சொன்னால் அங்கே கெட்டியாகக் கட்டித் தருவார்கள். சொல்லாத இடத்தில் ஆணி அடித்தால் உள்ளே போய்விடும்.

மொத்தச் செலவு ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மேல்பணம் நாங்கள் போட்டதுதான், ஆனால் வட்டிக்கு வாங்கவில்லை.

இன்னொன்று, கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இல்லாத யாரையும் அக்கா சாரத்தில் ஏற்றுவதில்லை. புதிதாக வருகிறவரை முதலில் பதிவுக்கு அழைத்துப் போகிறார். அந்த வாரியம் 1994ல் இருந்து இருக்கிறது, ஆனாலும் எங்கள் பக்கம் பல பெரிய காண்ட்ராக்டர்களே இதைக் கேட்பதில்லை. விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் மழைக்குச் சமையல்கட்டு ஓட்டில் ஒரு மூலை ஒழுகியது. போன் செய்தோம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்து ஓட்டை மாற்றி அடுக்கிவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். தை முடியும் வரை கையில் வேலை இருக்கிறதாம், வேண்டியவர்கள் இப்போதே பேசி வையுங்கள். பேசப் போகும்போது எலக்ட்ரீஷியனையும் கூடவே கூட்டிப் போங்கள்.