பஸ்டர் கீட்டன் ப்ளூ-ரே தொகுப்பு: துண்டுத் துண்டாகப் பார்த்தது போதும்

வீட்டின் முன்சுவர் அப்படியே சாய்ந்து விழ, ஜன்னல் ஓட்டை நேராக வந்து இறங்கியதால் உயிர் தப்பி நிற்கிறாரே, அந்த மனிதரைப் போனில் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பஸ்டர் கீட்டன், அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர், இயக்குநர். நானும் பல வருஷம் அப்படித்தான் பார்த்தேன். இப்போது ஷெர்லாக் ஜூனியர் (1924), தி ஜெனரல் (1926), ஸ்டீம்போட் பில் ஜூனியர் (1928) மூன்றும் சேர்ந்த டிஸ்க் தொகுப்பை வாங்கிப் பெரிய டிவியில் முழுசாகப் பார்த்தேன், கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

பிரிண்ட் அவ்வளவு சுத்தம். கீட்டன் கேமராவைத் தள்ளி வைத்து, வெட்டாமல், உடம்பு முழுக்கத் தெரிகிற மாதிரி எடுப்பவர், அதனால் சின்னத் திரையில் பாதி விஷயம் காணாமல் போகிறது. ஸ்டீம்போட் பில் ஜூனியரில் விழும் அந்தச் சுவர் நிஜமானது, தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. ஷெர்லாக் ஜூனியரில் ரயில்வே தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டும் வெள்ளம் அவரைத் தண்டவாளத்தில் தள்ளுகிறதே, அதில் கழுத்து எலும்பே முறிந்திருக்கிறது. தலைவலியோடு நடித்து முடித்துவிட்டார், வருஷங்கள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. பெற்றோர் மேடைக் கலைஞர்கள், சின்ன வயதிலேயே அப்பா இவரை மேடையில் தூக்கி எறிவார், தான் சிரிக்காமல் இருந்தால்தான் சனம் சிரிக்கும் என்று அங்கேயே கற்றுக்கொண்டார். அந்த அசையாத முகம் அங்கிருந்து வந்தது.

தி ஜெனரலில் எரிகிற பாலத்திலிருந்து ஆற்றில் விழுவது பொம்மை இல்லை, நிஜ ரயில் எஞ்சின், ஓரிகன் மாநிலத்தில் எடுத்தது. இவ்வளவு செலவு செய்த படம் வசூலில் தோற்றது.

எனக்கு மனத்தாங்கல் கூடவே வந்த கையேட்டில்தான். 1928-இல் எம்.ஜி.எம் என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவில் சேர்ந்து, கதையிலிருந்து எல்லாவற்றையும் அடுத்தவர் தீர்மானிக்க, ஆபத்தான காட்சிக்கு டூப் போடச் சொல்ல, குடியில் விழுந்து, 1933-இல் வேலையும் போன கதையை நாலு வரியில் முடித்துவிட்டார்கள். 1960-இல் கௌரவ ஆஸ்கர் வாங்கியதற்கு மட்டும் ஒரு பக்கம். இது நியாயமே இல்லை, அந்த வருஷங்களும் அவருடையவைதானே.

ஆங்கிலம் படிக்கத் தெரியாத என் அம்மா நடுநடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளை விட்டுவிட்டே கதையைப் பிடித்துக்கொண்டார், அதனால் மொழி ஒரு தடை இல்லை. முதலில் ஷெர்லாக் ஜூனியர் போடுங்கள், முக்கால் மணி நேரம்தான். அப்புறம் ஜெனரல், விளக்கை அணைத்துவிட்டு.