ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா?

ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போதெல்லாம் லேப்டாப் கருந்திரையோடு உறைந்துவிட்டால், சில நாள் ஹைபர்னேட்டுக்கு மாறிப் பாருங்கள். ஸ்லீப்பில் நம் வேலை முழுவதும் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நொடிகளில் எழும், சரி. ஆனால் கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்காட்சியை இயக்கும் மென்பொருள்) ஒழுங்காக விழிக்காவிட்டால் சேமிக்காததெல்லாம் போச்சு. ஹைபர்னேட் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைகிறது. எழக் கொஞ்சம் நேரமாகும், டிஸ்கில் சில ஜிபி இடமும் பிடிக்கும். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் இதை நாமே இயக்க வேண்டியிருக்கலாம்.

ஹைபர்னேட்டில் சிக்கலே வரவில்லையா? அப்படியானால் முதல் சந்தேகம் டிரைவர் மீதும் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) மீதும்தான்; லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இரண்டையும் புதுப்பியுங்கள். அதுவரை என் ஓட்டு ஹைபர்னேட்டுக்கே. ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டிலும் உறைந்தால், அப்புறம் ரேமையும் டிஸ்கையும் சோதிக்க வேண்டியதுதான்.