அம்மங்காவா, அம்மங்கையா?

ராஜேந்திர சோழனின் மகள். தெலுங்கு நாடான வேங்கியை ஆண்ட ராஜராஜ நரேந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனைப் பெற்றவள். தண்டையார்பேட்டையில் பிறந்திருக்கும் என் தங்கை மகளுக்கு அவள் பெயர்தான் என்று முடிவாகிவிட்டது. குந்தவையை எல்லாருக்கும் தெரியும், இவளை யாருக்குத் தெரியும் என்பது மாப்பிள்ளையின் கட்சி. எழுதுவது எப்படி என்பதில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது.

வரலாற்று நூல்களில் அதிகம் கண்ணில் படுவது ‘அம்மங்கா’. மாப்பிள்ளைக்கு அதுவே வேதவாக்கு. தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த தெருவில் அது நாக்கில் இயல்பாக உருளவும் செய்கிறது. வேங்கிக்கு மருமகளாகப் போனவளுக்கு அதுவும் பொருத்தம்தான். ஆனால் ராயபுரத்துப் பள்ளிக்கூட வாசலில் கீற்றுப் போட்டு உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய் விற்கிறார்கள். ‘அம்மங்கா, மாங்கா’ என்று பிள்ளைகள் பாட்டுக் கட்ட எத்தனை நிமிடம் ஆகும்?

‘அம்மங்கை’யும் நூல்களில் உள்ள வடிவமே. கங்கா கங்கையாகவும் சீதா சீதையாகவும் ஆன வழியில்தான் இதுவும் நிற்கிறது. அம் என்றால் அழகு. அழகிய மங்கை என்று பொருள் கொள்ளலாம். பெயரின் உண்மையான பிறப்பு அதுதான் என்று நான் சாதிக்க மாட்டேன், காதுக்கு அப்படிக் கேட்கிறது என்பதே போதும். ‘அந்த மங்கை’ என்றும் பிரிக்கலாமே என்று மாப்பிள்ளை மடக்கினார். பிரிக்கலாம். வருகைப் பதிவேட்டில் யாரும் சந்தி பிரித்துப் படிப்பதில்லை.

‘தேவி’யைச் சேர்ப்பது மூன்றாவது யோசனை, அம்மாவுடையது. இடம்விட்டு எழுதினால் ஒரு படிவத்தில் அது குடும்பப் பெயராகிவிடும், இன்னொன்றில் காணாமல் போகும். வேண்டாம்.

ஆங்கில எழுத்தில் ‘அம்மங்கா’ இன்னும் மோசம். கடைசியில் ‘ஏ’ ஒன்று போட்டால் ‘அம்மாங்க’ என்று படிப்பார்கள். இரண்டு போட்டால் அலுவலகத்துக்கு அலுவலகம் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். ‘அம்மங்கை’க்கு ‘ஏ, ஐ’ என்று முடித்தால் தீர்ந்தது. சென்னையே அப்படித்தான் முடிகிறது, டெல்லிக்காரரும் சரியாகத்தான் படிக்கிறார்.

என் ஓட்டு அம்மங்கைக்கே. பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. மாப்பிள்ளை அதுவரை வாதாடட்டும்.