போஸ்ட்ஜிஐஎஸ்: ஜியோமெட்ரியா, ஜியோகிராஃபியா?

மொரீஷியஸில் கோவில்களையும் காவடிப் பாதைகளையும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில், அதாவது இடத் தகவல்களைக் கையாளும் டேட்டாபேஸ் நீட்சியில், ஏற்றுபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: இடங்களைத் தட்டையான தளமாகக் கணக்கிடும் ஜியோமெட்ரி வகையா, உருண்டையான பூமியின் மேல் கணக்கிடும் ஜியோகிராஃபி வகையா?

ஜியோகிராஃபி மீட்டரில் கணக்கிடும். இத்தனை தூரத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்டி_டிவித்தினில் 500 என்று கொடுத்தால் 500 மீட்டர். அதையே 4326 (டிகிரியில் அமைந்த அட்சரேகை, தீர்க்கரேகை முறையின் எண்) ஜியோமெட்ரியில் கொடுத்தால் 500 டிகிரி! தீவிலுள்ள எல்லாக் கோவில்களும் வந்து விழும், எரர் எதுவும் காட்டாது. டிகிரியை ஒரே எண்ணால் பெருக்கிச் சமாளிக்கவும் முடியாது: நம் 20 டிகிரி தெற்கில் ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 105 கி.மீ., அட்சரேகையோ சுமார் 111 கி.மீ.

ஜியோமெட்ரியில் வேகம் அதிகம், ஃபங்ஷன்களும் அதிகம். 32740-க்கு, அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 40 தெற்கு மண்டலத்துக்கு, மாற்றிச் சேமித்தால் மீட்டரும் கிடைக்கும். பாதைகளை வெட்ட, ஒட்ட இதுவே வசதி. ஆனால் மொரீஷியஸின் இன்னொரு தீவான ரோட்ரிக்ஸ் 63 டிகிரி கிழக்கில், 41-ஆம் மண்டலத்தில் கிடக்கிறது. இரண்டு தீவுகளும் ஒரே டேபிளில் என்றால் தயங்காமல் ஜியோகிராஃபி.

ஜியோமெட்ரி நெடுவரிசையை வினவலில் மட்டும் ஜியோகிராஃபியாக மாற்றினால், ஏற்கெனவே இருக்கும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் (இடத் தேடலை வேகமாக்கும் அட்டவணை) பயன்படாது. மாற்றிய வடிவத்துக்கே தனி இண்டெக்ஸ் போடுங்கள்.

எந்த வகையானாலும் தீர்க்கரேகைதான் முதலில்: போர்ட் லூயிக்கு 57.50, -20.16. மாற்றிப் போட்டால் புள்ளி ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலில் விழும்.