சிமியுலேஷன் வெளியீட்டை அலசும் முறைகள்: நெடுநாள் பாவனையில் தெரிந்தவை

வங்கிக் கவுன்டர் பின்னேரம் மூடிவிடும். அதைக் கணினியில் சிமியுலேஷனாக ஓட்டும்போது நிலைத்த நிலை (தொடக்கத்தின் தாக்கம் மறைந்தபின் நிலவும் நீண்டகால நடத்தை) தேடுவது வீண்வேலை. கொழும்புத் துறைமுகம் 24 மணிநேரமும் இயங்குவது. வாசலில் கொள்கலன் லொறி காத்துநிற்கும் நேரத்தின் நீண்டகாலச் சராசரியைக் கேட்டால்தான் இங்கே பார்க்கும் அலசல் முறைகளுக்கு வேலை வரும்.

முறையைச் சோதிக்க, விடை முன்பே தெரிந்த மாதிரி வேண்டும். எம்/எம்/1 வரிசை (வருகையும் சேவையும் எழுமாற்றாக நடக்கும், ஒரே கவுன்டர் உள்ள வரிசை) போதும். சேவை வீதம் 1, வருகை வீதம் 0.9 என்றால் வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் 9 அலகு. 200,000 பேரின் நேரங்களை ஒன்றையொன்று சாராத தரவாக எடுத்து எக்செலில் 95% நம்பிக்கை ஆயிடை (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை) போட்டால் ஏறத்தாழ ±0.04 வரும். பார்க்க அழகுதான், ஆனால் பொய். முன்னால் நிற்பவர் தாமதித்தால் பின்னால் நிற்பவருக்கும் தாமதம். அந்த இணைபை (ஒருவரின் நேரம் அடுத்தவருடையதோடு சேர்ந்து மாறுவதை) கணக்கில் சேர்த்தால் ஆயிடை சுமார் 19 மடங்கு அகலும்.

இத்தனை காலத்தில் தாக்குப்பிடித்தது தொகுதிச் சராசரி முறைதான். ஒரே நீண்ட ஓட்டம். வரிசை வெறுமையாகத் தொடங்குவதால் நேரங்கள் குறைவாக வரும் ஆரம்பப் பகுதியை வெட்டிவிட்டு, மிச்ச 200,000ஐ 20 தொகுதிகளாக்கி, அந்த 20 சராசரிகளிலிருந்து ஆயிடை போடவேண்டும்; அதற்கு ரீ-பெறுமானம் (ரீ-பரம்பல் அட்டவணையில் எடுக்கும் பெருக்கும் எண்) 2.093. ஆயிடை ±0.9 அளவில் நிற்கும். அடுத்தடுத்த சராசரிகளிடையே இன்னும் இணைபு தெரிந்தால் இரண்டிரண்டாகச் சேர்த்து 10 ஆக்குங்கள். தொகுதிகளைக் கூட்டிக்கூட்டி ஆயிடையை ஒடுக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. 10 முதல் 30 வரை போதும் என்று சிமியுலேஷன் ஆய்வாளர் ஷ்மைசர் 1982இல் சொன்னது இன்றைக்கும் செல்லும். துறைமுகத் தரவில் ஒரு தொகுதி 24 மணியின் முழு மடங்காக இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவும் பகலும் தனித்தனித் தொகுதிகளில் விழுந்து மாறற்றிறனை (சராசரிகளின் சிதறலை) குழப்பும்.

ஆயிடை ஒடுங்கியிருப்பதை வைத்து எந்த முறைக்கும் புள்ளி போடவேண்டாம். வேறுவேறு எழுமாற்று எண்களோடு 1000 தடவை ஓட்டி, எத்தனை ஆயிடைகளுக்குள் 9 விழுகிறது என்று எண்ணுங்கள். 936க்கும் 964க்கும் இடையில் வந்தால் சரி. 0.5 நெரிசலில் (வருகை வீதத்தைச் சேவை வீதத்தால் வகுத்தது) தேறிய முறை 0.9இல் கவிழ்வது சாதாரணம்.

வரிசை காலியாகும் ஒவ்வொரு கணத்திலும் ஓட்டத்தைத் துண்டாக்கும் மீள்பிறப்பு முறை தாளில் மட்டும் இனிக்கும்: பல வரிசைகள் ஒரே கணத்தில் காலியாவது எப்போது?

ஒரே நீண்ட ஓட்டத்துக்குப் பதிலாகப் பல தனித்தனி ஓட்டங்களை எடுத்தால், வாடிக்கையாளருக்கு விளக்குவது சுலபம், பல கோர் உள்ள கணினியில் நேரமும் மிச்சம். ஆனால் ஒவ்வோர் ஓட்டமும் வெறும் வரிசையிலிருந்து தொடங்குவதால், குறுகிய ஓட்டங்களைக் கூட்டக்கூட்டப் பிழையான பெறுமானத்தைச் சுற்றித்தான் ஆயிடை இறுகும். அதனால் இங்கும் ஆரம்பப் பகுதியை வெட்டவேண்டும். வெட்டுமிடத்தை வெல்ச் வரைபில் (பல ஓட்டங்களின் சராசரியை மென்மையாக்கி வரைந்த கோட்டில்) கண்ணால் பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும். எம்எஸ்ஈஆர்-5 என்ற விதி அதைக் கணக்காகவே தரும். வெட்டுப்புள்ளி ஓட்டத்தின் பின்பாதியில் விழுந்தால், அந்த விடையை விட்டுவிட்டு ஓட்டத்தை இன்னும் நீட்டவேண்டும்.